கையடக்க ஜிபிஎஸ் கருவி: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மேற்குத் தொடர்ச்சி மலையில் மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒற்றையடிப் பாதை மூன்றாகப் பிரியும். அதில் இரண்டு காட்டுமாடு போட்ட தடமாக இருக்கும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் கருவியிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: வந்த வழி எந்தப் பக்கம்? இந்தக் கேள்விக்கு ஈரக் கையோடு, பேட்டரி தீராமல், ஐந்து நொடியில் பதில் சொல்லும் கருவியே நல்ல கருவி. வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வியோ பெரும்பாலும் வேறு: "எது ரொம்பத் துல்லியம்?"

திறந்த வானத்தின் கீழ் இன்றைய கருவிகள் ஏறக்குறைய எல்லாமே 3 முதல் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். உங்கள் ஸ்மார்ட்போனும் அப்படித்தான். பாதைக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் பாதை கண்ணுக்கே தெரியும். ஆகவே துல்லியத்தைப் பட்டியலில் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிட்டு, பேட்டரி, பொத்தான், திரை, வரைபடம் என்ற வரிசையில் பார்ப்போம்.

முதலில், போன் போதாதா?

பலருக்குப் போதும். போனில் இருக்கும் ஜிபிஎஸ் சில்லுக்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். ஏரோபிளேன் மோடில் போட்டாலும் அது இடத்தைக் காட்டும். டேட்டா தேவைப்படுவது வரைபடத்தை இறக்குவதற்குத்தான். வீட்டிலேயே ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகளில் அந்த வட்டாரத்தின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னலே இல்லாத காட்டிலும் போன் வழிகாட்டும். காலையில் ஏறி மதியம் இறங்கும் நடைக்கு இதுவும் ஒரு பவர் பேங்கும் இருந்தால் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை.

போன் எங்கே கைவிடும் என்று பார்த்தால் தனிக் கருவியின் தேவை புரியும். மழைத்துளி பட்ட தொடுதிரை தானாகவே பெரிதாகும், சுருங்கும். விரல் வைத்தால் கேட்காது. உச்சி வெயிலில் திரை மங்கும். அதைப் பார்க்க வெளிச்சத்தைக் கூட்டினால் பேட்டரி இறங்கும், போனும் சூடாகும். இமயத்தில் குளிர் கூடினால் 30 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று அணையும். பைக்கின் கைப்பிடியில் மாட்டினால் வேறு தொல்லை: என்ஜின் அதிர்வு போன் கேமராவின் நடுக்கத் தடுப்பு அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய போனும் அதுதான். வழி பார்த்தே அதன் பேட்டரியைத் தீர்த்துவிட்டால், மலை இறங்கி சிக்னல் கிடைக்கும்போது பேச முடியாது.

இரண்டு நாளுக்கு மேல் நடப்பவர்கள், மழைக்காலத்தில் போகிறவர்கள், இமயம் ஏறுபவர்கள், நீண்ட பைக் பயணம் போகிறவர்கள், களப்பணியில் நாள் முழுக்க இடங்களைக் குறிப்பவர்கள் ஆகியோருக்குத் தனிக் கருவி செலவுக்குத் தகுந்த பயன் தரும்.

கருவி இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால், பின்னால் வரும் பிழைகள் பாதிக்குக் காரணம் விளங்கிவிடும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் ஒலிபரப்புவதுதான் அவற்றின் வேலை. கையில் இருக்கும் கருவி எதையும் மேலே அனுப்புவதில்லை, கேட்க மட்டுமே செய்கிறது. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கித் தூரத்தைக் கணக்கிடுகிறது. இதில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். கருவிக்குள் அணுக்கடிகாரம் வைக்க முடியாது, இருப்பது சாதாரணக் கடிகாரம். அதனால் நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு தன் கடிகாரப் பிழையையும் நான்காவதாகக் கண்டுபிடித்தாக வேண்டும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள் வேண்டும் என்பது இதனால்தான்.

ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. அந்த விவரம் சில மணி நேரத்துக்குத்தான் செல்லும். எல்லாச் செயற்கைக்கோள்களும் தோராயமாக எங்கே இருக்கும் என்ற முழு அட்டவணையை வாங்க 12.5 நிமிடம் ஆகும். போன் இதையெல்லாம் இணையத்தில் இருந்து நொடியில் எடுத்துக்கொள்வதால் வேகமாகத் தெரிகிறது. தனிக் கருவி பொறுமையாக வானத்தில் இருந்து கேட்க வேண்டும்.

புதிதாக வாங்கியவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான். ஆறு மாதம் அலமாரியில் கிடந்த கருவியை, ஓடும் ஜீப்பில், பள்ளத்தாக்கின் நடுவே முதன்முதலாக இயக்குவார்கள். அரை மணி நேரம் தேடிக்கொண்டே இருக்கும். "கருவி மட்டம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் மொட்டை மாடியில் 15 நிமிடம் இயக்கி வைத்தால் போதும். மறுநாள் காட்டின் வாசலில் ஒரு நிமிடத்துக்குள் பிடித்துவிடும்.

பெட்டியின் மேல் ஜிபிஎஸ் தவிர வேறு பெயர்களும் இருக்கும்: ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, இந்தியாவின் நாவிக். அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தால், மலைச்சுவர் வானத்தின் பாதியை மறைக்கும் இடத்திலும் போதுமான செயற்கைக்கோள்கள் தெரியும். இரண்டு போதும். ஐந்தையும் சேர்த்து இயக்கினால் பேட்டரிதான் வேகமாகத் தீரும். நாவிக் இருந்தால் நல்லது. அதற்காகவே கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்து "இரட்டை அலைவரிசை" அல்லது "மல்டி பேண்ட்" என்ற சொல். சாதாரணக் கருவி எல்1 என்ற 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் கேட்கும். மல்டி பேண்ட் கருவி அதோடு எல்5 என்ற 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலையையும் கேட்கும். பாறைச் சுவரில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல், நேராக வருவதைவிடத் தாமதமாக வரும். கருவி அதை நம்பினால் உங்களைப் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கச் சரிவில் நிறுத்திவிடும். எல்5 சிக்னலின் அமைப்பில் நேர் சிக்னலையும் தெறித்த சிக்னலையும் பிரித்தறிவது எளிது. குறுகிய பள்ளத்தாக்கு, ஈரம் சொட்டும் அடர்ந்த சோலை போன்ற இடங்களில் அடிக்கடி போகிறவர்களுக்கு இது பயன்படும். புல்வெளியிலும் நெடுஞ்சாலையிலும் வித்தியாசம் தெரியாது.

கருவியைப் பிடிக்கும் விதமும் உண்டு. தலையில் கட்டை விரல்போல ஆன்டெனா துருத்திக்கொண்டிருக்கும் வகையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஆன்டெனா உள்ளேயே தட்டையாக இருக்கும் சிறிய வகையை, திரை வானத்தைப் பார்க்கும்படி படுக்க வைத்துப் பிடிக்க வேண்டும். கால்சட்டைப் பையில் போட்டால் இரண்டுமே தடுமாறும். நம் உடம்பு பெரும்பகுதி தண்ணீர். அது இந்த மெல்லிய சிக்னலை விழுங்கிவிடும். முதுகுப்பையின் தோள்பட்டை வாரே நல்ல இடம்.

பேட்டரி: இதில்தான் தேர்வு தொடங்க வேண்டும்

இரண்டு வகை உண்டு. ஒன்று, ஏஏ அளவு செல் இரண்டைப் போடும் வகை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதே செல். இன்னொன்று, போன்போல உள்ளேயே சார்ஜ் ஆகும் லித்தியம் அயன் வகை.

ஏஏ வகையின் பலம், செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது. மலையடிவாரக் கிராமத்தில்கூட வாங்கலாம். கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் என்ற கருவி இரண்டு செல்லில் 25 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. திரை விளக்கு அணைந்திருந்து, சூழலும் சாதகமாக இருக்கும்போது கிடைக்கும் கணக்கு அது. விளக்கைப் போட்டு அணைத்து, திசைகாட்டியையும் இயக்கி, அடிக்கடி வரைபடத்தை நகர்த்திப் பார்த்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

செல்லிலும் மூன்று விதம். சாதாரண ஆல்கலைன் செல் அவசரத்துக்கு நல்லது, குளிரில் சோர்ந்துவிடும். திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நம் ஊர் வெப்பத்துக்கும் பணத்துக்கும் ஏற்றது. மாதக்கணக்கில் சார்ஜைத் தக்கவைக்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் லித்தியம் ஏஏ செல் விலை கூடுதல். உறைபனியிலும் வேலை செய்யும், எடையும் குறைவு. இமயத்துக்கு அதுதான்.

போட்ட செல்லின் வகையைக் கருவியின் அமைப்புப் பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சார்ஜ் செய்யும் செல் 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5 வோல்ட். ஆல்கலைன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கருவி, நிறைந்த 1.2 வோல்ட் செல்லைப் பார்த்துப் பாதி தீர்ந்துவிட்டதாகக் காட்டும். ஒரே ஜோடியில் பழைய செல்லும் புதிய செல்லும் கலக்காதீர்கள். பைக்கில் மாட்டினால் அதிர்வில் செல்லின் தொடர்பு நொடிப்பொழுது விட்டு, கருவி அணைந்துவிடும். பைக்கின் யுஎஸ்பி இணைப்பில் இருந்து மின்சாரம் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

உள்ளமைந்த லித்தியம் அயன் வகை இப்போது வெகுவாக முன்னேறிவிட்டது. 2023இல் வந்த கார்மின் ஜிபிஎஸ்மேப் 67, வழக்கமான பயன்பாட்டில் 180 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் கூறுகிறது. பத்து நாள் நடைக்குச் சார்ஜரே வேண்டாம். ஆனால் நான்கைந்து வருடம் கழித்து அந்த பேட்டரி தளர்ந்தால் பெட்டிக்கடையில் மாற்று கிடைக்காது. விமானத்தில் போகிறவர்கள் உதிரி லித்தியம் அயன் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

திரையும் பொத்தானும்

ஜிபிஎஸ் கருவியின் திரையைக் கடைக்குள் பார்த்தால் மங்கலாக, பத்து வருடப் பழையதாகத் தோன்றும். தெருவுக்கு எடுத்துவந்து வெயிலில் பாருங்கள். வெயில் ஏற ஏறத் தெளிவாகும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் திரை அது. போன் திரைக்கு நேர் எதிர். விளக்கில்லாமலே பகலில் படிக்க முடிவதால்தான் பேட்டரி அத்தனை மணி நேரம் நிற்கிறது. கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே நின்று திரையை மதிப்பிடுவது சேலையைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்து வாங்குவதுபோல.

அளவைப் பொறுத்தவரை 2.2 அங்குலம் நடப்பதற்குப் போதும். பைக்கில் போகும்போது படிக்கப் போதாது. வெள்ளெழுத்து வந்தவர்கள் 3 அங்குலத்துக்குக் குறைவாக வாங்க வேண்டாம்.

பொத்தானா, தொடுதிரையா? நடைக்குப் பொத்தான் என்பதே எங்கள் பரிந்துரை. கையுறையோடும் அமுக்கலாம், அட்டைக்கடிக்குத் தேய்த்த எண்ணெய் விரலோடும் அமுக்கலாம். ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்ய மட்டும் பொத்தான் கருவி ஒரு தண்டனை. ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். நகரங்களில் முகவரி தேடிச் சுற்றும் பயணிக்குத் தொடுதிரைதான் வசதி. அவருக்குப் போனே வசதி என்பது வேறு விஷயம்.

தண்ணீர் காப்புக்கு ஐபிஎக்ஸ்7 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். பின்மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துணுக்கு ஒட்டியிருந்தால் இந்தக் குறியீட்டுக்கு மதிப்பே இல்லை. செல் மாற்றும்போதெல்லாம் அந்த வளையத்தைத் துடைத்துவிட்டு மூடுங்கள்.

வரைபடம்

கருவியோடு வரும் "உலக அடிப்படை வரைபடம்" என்பதை நம்பிக் கிளம்பக் கூடாது. அதில் மாநில நெடுஞ்சாலையும் பெரிய ஊர்களும் இருக்கும்; காட்டுக்குள் வெறும் வெற்றிடம். நடைக்கு வேண்டியது உயரக்கோடுகள், ஓடைகள், ஒற்றையடிப் பாதைகள் உள்ள வரைபடம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொதுத் திட்டத்தின் தரவை வைத்துக் கார்மின் கருவிகளுக்கென இலவசமாகச் செய்யப்பட்ட வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கோப்பை மைக்ரோ எஸ்டி அட்டையில் "கார்மின்" என்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் போட்டால் கருவி எடுத்துக்கொள்ளும். ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் போன்றவற்றுக்கு 32 ஜிபி வரை, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த அட்டை வேண்டும். 64 ஜிபி அட்டையைப் போட்டுவிட்டுக் கருவி பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அட்டைக்கு இடமில்லாத கருவியானால் உள் நினைவகம் எவ்வளவு என்று முன்பே பாருங்கள்.

இலவச வரைபடத்தின் குறையையும் அறிந்திருக்க வேண்டும். பாதையை யாராவது நடந்து பதிந்திருந்தால்தான் அது வரைபடத்தில் இருக்கும். ஆல்ப்ஸ் மலையில் ஒவ்வொரு பாதையும் இருக்கும். நம் வனப்பகுதிகளில் பல பாதைகள் இருக்காது. இருக்கும் பாதைகளிலும் வனத்துறை அனுமதி இல்லாதவை உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற அனுமதி முறைகள் இறுகியிருக்கின்றன. திரையில் கோடு தெரிகிறது என்பதற்காக அதில் நடக்கலாம் என்று ஆகாது. உயரக்கோடுகள் பெரும்பாலும் 2000ஆம் ஆண்டு விண்ணோடத்தில் இருந்து ரேடார் கொண்டு அளந்த தரவில் வரைந்தவை. அதில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். இருபது மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை அந்தக் கட்டத்துக்குள் கரைந்துபோய், வரைபடத்தில் இறங்கக்கூடிய சரிவுபோலத் தோன்றும். குறுக்கு வழி பிடிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

மூன்று சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் குறித்து வைக்கும் ஒரு புள்ளி வேபாயின்ட்: முகாம், ஓடை, வண்டி நிறுத்திய இடம். நடக்க நடக்கக் கருவி தானாகப் போட்டுக்கொண்டே வரும் தடம் ட்ராக். முன்கூட்டியே சில புள்ளிகளை வரிசையாகக் கோத்து வைப்பது ரூட். இவை மூன்றையும் ஜிபிஎக்ஸ் என்ற கோப்பு வடிவில் போனுக்கும் கருவிக்கும் இடையே மாற்றிக்கொள்ளலாம். நண்பர் அனுப்பிய கோப்பு ரூட்டாக இருந்து, உங்கள் கருவி "கார் ஓட்டுதல்" அமைப்பில் இருந்தால், அது புள்ளிகளைச் சாலை வழியாக இணைத்து உங்களை மலையைச் சுற்றி 60 கிலோமீட்டர் அனுப்பப் பார்க்கும். நடைக்கு ட்ராக் கோப்பையே கேட்டு வாங்குங்கள். வழிகாட்டும் முறையை "நேர்கோடு" என்று மாற்றி வையுங்கள்.

எண்களில் வரும் குழப்பம்

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதுவார்கள்: பாகை (டிகிரி) மட்டும், பாகையும் கலையும் (மினிட்), பாகை கலை விகலை (செகண்ட்). ஒருவர் போனில் "10 பாகை 30 கலை" என்று சொல்ல, நீங்கள் 10.30 என்று பதிந்தால், 22 கிலோமீட்டர் தள்ளி நிற்பீர்கள். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் சரியான எண் 10.5. மீட்புக் குழுவிடம் இடம் சொல்லும்போது இந்தப் பிழை நேர்ந்தால் என்னாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குழுவில் எல்லோரும் ஒரே முறையை வைத்துக்கொள்வது நல்லது. பதின்மப் பாகை எளிது: ஐந்தாவது பதின்ம இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர்.

களப்பணியாளர்கள், உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் எழுதும் யூடிஎம் முறையை விரும்புவார்கள். தமிழ்நாட்டில் அதற்கு ஒரு கண்ணி உண்டு. 78 பாகை தீர்க்கரேகையில் மண்டலம் மாறுகிறது. கொடைக்கானல் 43ஆவது மண்டலம், மதுரை 44ஆவது. கோடு திண்டுக்கல் அருகே ஓடுகிறது. மண்டல எண்ணைச் சேர்த்து எழுதாவிட்டால் புள்ளி எங்கேயோ போய் விழும்.

பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவை எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவுகோலில் (டேட்டம்) வரைந்தவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற அளவுகோலில். இரண்டுக்கும் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி விழும். கருவியின் அமைப்பில் தாளுக்கு ஏற்ற அளவுகோலைத் தேர்ந்தெடுக்கலாம். வேலை முடிந்ததும் டபிள்யூஜிஎஸ் 84க்கே திருப்பிவிட மறக்க வேண்டாம்.

உயரம்

மெரினாவில் நின்று சில போன் செயலிகளில் உயரத்தைப் பார்த்தால் கடல் மட்டத்துக்கு 80, 90 மீட்டர் கீழே என்று காட்டும். பழுது இல்லை. ஜிபிஎஸ் பூமியை ஒரு வழுவழுப்பான நீள்கோளமாக எண்ணிக் கணக்குப் போடுகிறது. உண்மையான கடல் மட்டமோ ஈர்ப்பு விசைக்கேற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே மிகப்பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், சுமார் 106 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நாம் அந்தப் பள்ளத்தின் சரிவில் வாழ்கிறோம். நல்ல கையடக்கக் கருவி இந்த வித்தியாசத்தை அட்டவணை வைத்துச் சரிசெய்துவிட்டே காட்டும். சில போன் செயலிகள் செய்வதில்லை.

அதைச் சரிசெய்த பிறகும் ஜிபிஎஸ் உயரத்தில் பிழை, கிடைமட்டப் பிழையைவிட இரண்டு மடங்கு வரை இருக்கும். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லையே. அதனால்தான் விலை கூடிய கருவிகளில் காற்றழுத்தமானி வைக்கிறார்கள். ஓரளவு தாழ்வான இடங்களில் எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும் என்ற கணக்கில் அது உயரம் சொல்லும். ஏற்ற இறக்கத்தைத் துல்லியமாகப் பின்தொடரும். ஆனால் நீங்கள் நகராமல் வானிலை நகர்ந்தாலும் அழுத்தம் மாறும். நம் போன்ற வெப்ப நாடுகளில் புயல் இல்லாத நாளிலும் காலை பத்து மணிக்கு அழுத்தம் உச்சத்திலும் மாலை நான்கு மணிக்குத் தாழ்விலும் இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வுக்கே முகாம் இருபது முப்பது மீட்டர் உயர்ந்துவிட்டதாகக் கருவி சொல்லும். உயரம் தெரிந்த இடத்தில் எண்ணைப் பதிந்து சரிசெய்வதுதான் வழி. ரயிலில் வருகிறவர்களுக்கு இது சுலபம்: நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்தில் இருந்து உயரம் எழுதியிருக்கும்.

மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவி, நீங்கள் நடந்தால்தான் திசை சொல்லும். நின்றால் அம்பு தன்னிஷ்டத்துக்குச் சுற்றும். மூன்று அச்சுத் திசைகாட்டி இருந்தால் நின்ற இடத்திலும், சாய்த்துப் பிடித்தாலும் சரியாகக் காட்டும். செல் மாற்றியதும் அதை அளவுதிருத்தம் செய்ய வேண்டும்; திரையில் சொல்கிறபடி கருவியை மூன்று வாக்கில் சுற்றினால் முடிந்தது.

செயற்கைக்கோள் செய்திக் கருவிகள்: சட்டம் முக்கியம்

இன்ரீச் என்ற வசதி உள்ளவை இருடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் அபாய அழைப்பும் அனுப்பும். சாதாரண ஜிபிஎஸ் கேட்க மட்டுமே செய்யும். இவை பேசவும் செய்யும். உலகின் பல நாடுகளில் உயிர் காக்கும் துணை இது. இந்தியாவிலோ தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். விவரம் தெரியாமல் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருந்து ஊருக்கு வரும் தமிழர்கள், அங்கே நடைப்பயணத்துக்கு வாங்கிய இன்ரீச் மினியையோ ஜிபிஎஸ்மேப் 67 ஐ (67i) கருவியையோ அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். செய்தி வசதியை அணைத்து வைத்திருக்கிறேன் என்பது நம் விமான நிலையத்தில் எடுபடாது.

எதை வாங்கலாம்

கையடக்க வகையில் சந்தை பெரும்பாலும் கார்மினுடையது. மாதிரிப் பெயரின் கடைசி எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்: எஸ் என்று முடிந்தால் காற்றழுத்தமானியும் திசைகாட்டியும் உண்டு, ஐ என்று முடிந்தால் இன்ரீச் உண்டு.

வந்த வழியில் திரும்புவதும் இடங்களைக் குறிப்பதும் மட்டுமே வேலை என்றால் ஈட்ரெக்ஸ் எஸ்இ. கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு ஏஏ செல், நிறுவனக் கணக்கில் 168 மணி நேரம். விரிவான வரைபடம் ஏற்ற முடியாது. இந்தப் பெயரில் உள்ள எஸ்ஸை மேலே சொன்ன எஸ்ஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்; இதில் திசைகாட்டி உண்டு, காற்றழுத்தமானி இல்லை.

வரைபடத்தோடு நடக்க வேண்டும், செலவும் அடக்கமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் போதும். 32எக்ஸ் அதே உடம்புதான். காற்றழுத்தமானியும் மூன்று அச்சுத் திசைகாட்டியும் கூடுதல். விலை வித்தியாசம் பெரிதாக இல்லாவிட்டால் 32எக்ஸ் பக்கம் சாயலாம். ஆரம்பக்காரர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டில் ஒன்றே எங்கள் பதில். அடர்ந்த காட்டிலும் பள்ளத்தாக்கிலும் அளவெடுக்கும் களப்பணியாளருக்கு, ஏஏ செல் போடும் மல்டி பேண்ட் கருவியான ஜிபிஎஸ்மேப் 65எஸ். அதன் விலை பேட்டரியில் தெரியும்: 16 மணி நேரம்தான். பல நாள் இமய நடைக்கு ஜிபிஎஸ்மேப் 67. எடை 230 கிராம்.

பழைய கருவி மலிவாகக் கிடைத்தால் இரண்டு சோதனை செய்யுங்கள். செல் அறையைத் திறந்து கம்பிச்சுருளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு திறந்த வெளியில் இயக்கி, திரையில் தேதி சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு 1,024 வாரம் ஆனதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று திரும்பியது. அதைச் சமாளிக்கத் தெரியாத பழைய கருவிகள் இருபது வருடம் பின்னால் இருக்கும் தேதியைக் காட்டும்.

வாங்கிய பிறகு

மென்பொருளைக் கணினி வழியாகப் புதுப்பியுங்கள். செல் வகை, நேர மண்டலம், அளவுகோல், எண் முறை, வழிகாட்டும் முறை ஆகிய ஐந்தையும் அமைப்புப் பக்கத்தில் சரிபாருங்கள். செயற்கைக்கோள் அமைப்பில் வாஸ் என்ற ஒன்று தெரியும். அது ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் அமெரிக்கச் சேவையின் பெயர். நம் நாட்டில் அதே வசதியைத் தருவது ககன். ஆதரிக்கும் கருவியாக இருந்தால் இயக்கி வையுங்கள்.

பிறகு நன்றாகத் தெரிந்த இடத்தில், ஊர்க் கண்மாய்க்கரையோ பூங்காவோ எதுவானாலும் சரி, ஒரு மணி நேரம் நடந்து பழகுங்கள். கிளம்பும் இடத்தில் வேபாயின்ட் போடுங்கள், பழைய தடத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், நாலைந்து திருப்பம் நடந்துவிட்டு, வந்த தடத்திலேயே திரும்பும் வசதியைத் தேர்ந்தெடுத்துத் திரையை மட்டும் பார்த்து வாருங்கள். டீக்கடையில் அரை மணி உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் தடம் சிக்குப்பிடித்த நூல்போல இருக்கும், நடக்காத தூரமும் கணக்கில் ஏறியிருக்கும். சிக்னலின் இயல்பான அலைச்சல் அது. ஓய்வெடுக்கும்போது பதிவை நிறுத்தி வைக்கலாம். கிளம்பும்போது மறக்காமல் இயக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும் வழியில் ஓட்டை விழுந்திருக்கும்.

பயணம் முடிந்து வந்ததும் தடக் கோப்பைக் கணினிக்கு மாற்றுங்கள். ஏஏ செல்லைக் கழற்றி எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து ஓர் இரவு உலரவிட்டபின் எடுத்து வையுங்கள்.